நான்காம் அதிகாரம், இருபத்தோராம் வசனம்

மார்ச் 6, புதன்

இன்று லெந்து நோன்பு ஆரம்பம். இனி ஈஸ்டர் வரை கறி மீன் கிடையாது. ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த சீலா மீனை நேற்றே பொரித்துத் தீர்த்தாயிற்று. காலை ஆராதனையில் இவர் கோபத்தை விட்டுவிட வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். வீட்டுக்கு வந்ததும் சட்னியில் உப்புக் கூடிப்போச்சு என்று தட்டைத் தள்ளினார். பத்தொன்பது வருஷம் ஒரு சபைப் போதகருக்கு, ஊர் வாயில் ஐயருக்கு, மனைவியாக இருந்தால் இதற்கெல்லாம் சிரிக்கப் பழகியிருக்க வேண்டும். எனக்கு இன்னும் வரவில்லை.

நாளை மறுநாள் லெந்து வெள்ளிகளின் உபவாச ஜெபம் தொடங்குகிறது. அதாவது அந்தப் பெட்டி. கிருபைவிளைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் அதைத் தொடப் பிடிக்கவில்லை. மற்ற ஊர்களில் ஜெப விண்ணப்பம் என்றால் மகனுக்கு வேலை, மகளுக்கு வரன் என்று எழுதிப் போடுவார்கள். இங்கே முன்பிருந்த ஏதோ ஒரு ஐயர், சனங்களை வேதம் வாசிக்க வைக்கிறேன் பேர்வழி என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறார். சீட்டில் பெயரும் எழுதக் கூடாது, காரியமும் எழுதக் கூடாது. மனதில் இருப்பதைச் சொல்லும் வசனத்தின் எண்ணை மட்டும் எழுதிப் போட வேண்டும். ஐயரம்மா, அதாவது நான், பெட்டியைத் திறந்து, வசனத்தை எடுத்துப் பார்த்து, அதை ஜெபமாகச் சொல்ல வேண்டும். சபை ஆமென் சொல்லும்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சனங்களுக்கு வேதத்தில் யுத்தமும் சாபமும் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. லெந்து என்பதால் இன்னும் மோசம். பட்டினி கிடந்து போட்டால் சீக்கிரம் பலிக்குமாம்.

சாயங்காலம், சபைக் கமிட்டியை நடத்தும் சேகரச் செயலர் பொன்சிங் வந்தார். பஜாரில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குளிர்ந்த பேச்சு. என் வீட்டுக்காரரை இன்னும் ஒரு வருஷம் இங்கேயே வைக்கச் சொல்லி பேராயருக்குக் கமிட்டி கடிதம் எழுதப்போகிறதாம். ஜெமிமாவுக்கு அடுத்த வருஷம் பிளஸ் டூ. இப்போது மாற்றல் வந்தால் பிள்ளையின் படிப்பு கெடும். நன்றி சொல்லி, இரண்டு முறுக்கு கூட வைத்துக் காப்பி கொடுத்தேன்.

மார்ச் 8, வெள்ளி

முப்பத்தோரு சீட்டு. பத்து மணிக்குக் கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் உட்கார்ந்து பிரித்தேன். பதினோரு மணிக்கு ஜெபம்.

ஏழு சீட்டில் சங்கீதம் நூற்றொன்பது. அது முழுக்க முழுக்கச் சாபம். அதிலும் எட்டாம் வசனம், அவன் வேலையை இன்னொருவன் எடுத்துக்கொள்ளட்டும் என்பது, நாலு பேருக்கு வேண்டியிருக்கிறது. கமிட்டித் தேர்தல் வருகிறதல்லவா. பல்லைத் தகர்க்கக் கேட்கும் ஐம்பத்தெட்டாம் சங்கீதம் இரண்டு சீட்டில். ஒன்று சந்திராள், மற்றது ஹெலன். இருவருக்கும் நடுவில் ஓடும் சாக்கடைத் தகராறு ஊருக்கே தெரியும். எலிசாவை மொட்டைத்தலையா என்று கேலி செய்த பிள்ளைகளைக் கரடி பீறிய இடம் ஒன்று. இது நிச்சயம் ஞானசிகாமணி வாத்தியார். வாலிபர் சங்கத்துப் பையன்கள் அவர் தலையைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கரடி கிழிக்க வேண்டுமாம்! அமலேக்கியரை ஆடு மாடு, பால்குடிக் குழந்தை உட்பட அழிக்கச் சொன்ன இடம் ஒன்று. யாருடைய குழந்தையோ, தெரியவில்லை.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறேன். பல்லைத் தகர்க்கும் வசனம் வந்தால் "பல்வலியால் அவதிப்படுகிறவர்களுக்காக" என்பேன். வேலை பறிபோகும் வசனத்துக்கு "வேலை தேடுகிற சகோதரருக்காக." கரடிக்கு "நம் வாலிபரின் பாதுகாப்புக்காக." மூன்று வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். ஆண்டவர் எனக்கு நகைச்சுவை உணர்ச்சி கொடுத்தது இதற்காகத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சீட்டு புதிது. தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தது. நியாயாதிபதிகள் நாலு, இருபத்தொன்று. யாகேல் கதை. சண்டையில் தோற்று ஓடிவந்த சேனாதிபதி சிசெராவைக் கூடாரத்துக்குள் கூப்பிட்டு, பால் கொடுத்து, போர்வை போர்த்தித் தூங்க வைத்து, கூடார முளையை அவன் நெற்றிப்பொட்டில் வைத்து, சுத்தியால் தரையோடு அடித்துவிடுவாள். சண்டே ஸ்கூலில் இதை நடத்தும் போதெல்லாம் நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவேன். ஒரு பெண் இதை எழுதிப் பெட்டியில் போடுகிறாள் என்றால் என்ன மனசு அது. அருவருப்பாக இருந்தது.

"ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்று வாசித்தேன். முன்வரிசையிலிருந்து பொன்சிங் சொன்ன ஆமென் மைக் இல்லாமலே கடைசிவரை கேட்டிருக்கும்.

மார்ச் 9, சனி

பீடத்துத் துணிகளை நீலம் போட்டுத் துவைத்தேன். மத்தியானம் வெந்தயக் குழம்பு.

மார்ச் 15, வெள்ளி

இருபத்தெட்டு சீட்டு. யாகேல் மறுபடியும். அதே தாள், அதே நீல மை. மறுபடியும் குடும்பச் சமாதானம்.

ஜெபம் முடிந்ததும் மேபல் பின்வாசல் வழியாகச் சமையலறைக்கு வந்தாள். பொன்சிங்கின் மனைவி. நாற்பது வயது இருக்கும், பிள்ளைகள் இல்லை. நான் ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னோடு நெருக்கம். பெண்கள் ஐக்கியத்தில் எனக்கு வலது கை மாதிரி. எப்போதும் வந்த உடனே முறத்தை எடுத்து எதையாவது புடைக்கத் தொடங்குவாள். இன்று சும்மா நின்றாள்.

"ஐயரம்மா, அந்தச் சீட்டு எல்லாத்தையும் நீங்கதான பாக்கிய?"

"ஆமா மேபல். என் தலையெழுத்து."

"ஒண்ணு விடாம வாசிக்கியளா?"

"வாசிக்காம? எல்லாத்துக்கும் ஜெபம் பண்ணத்தான செய்யுறேன்."

"சரிம்மா" என்றாள். முறத்தைத் தொடாமலே போய்விட்டாள். இந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். இப்போது அதுதான் நாகரிகம் போலிருக்கிறது.

மார்ச் 19, செவ்வாய்

குருத்தோலை ஞாயிறன்று வாலிபர் எல்லாம் அட்டையில் செய்த கேடயமும் பட்டயம் என்கிற வாளுமாக ஊர்வலம் வரவேண்டும் என்று பொன்சிங் யோசனை சொல்லியிருக்கிறார். பிசாசை எதிர்க்க வேதம் தரித்துக்கொள்ளச் சொல்லும் தேவனுடைய சர்வாயுதவர்க்கமாம். ஆண்டவர் கழுதைமேல் வந்த நாளில் எதற்குப் பட்டயம் என்று கேட்டேன். "நீ சும்மா இரு பியூலா, கடிதம் இன்னும் போகல" என்றார் இவர். வெள்ளித்தாள் ஒட்டி முப்பது பட்டயம் செய்ய வேண்டும். நான்தான் செய்ய வேண்டும்.

மார்ச் 22, வெள்ளி

யாகேல், மூன்றாம் வாரம்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பொன்சிங் கடைக் காலண்டர். அதனால் ஒன்றுமில்லை, கிருபைவிளையில் எல்லார் வீட்டுச் சுவரிலும் அந்தக் காலண்டர்தான் தொங்குகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான். நீல மைப் பேனாவும் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

மிளகாய் வற்றல் மாடியில் காய்கிறது. காக்கையை விரட்ட ஆள் இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

மேபல் கோயிலுக்கு வரவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாளாம். பொன்சிங் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "பாசி புடிச்சுக் கெடக்கு, பாத்துக் கால் வைன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்றார். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் பாசி போகும் என்று நான் சொன்னேன். ரொம்ப நன்றியம்மா என்றார்.

மார்ச் 29, வெள்ளி

மேபல் வந்திருந்தாள், கழுத்தில் தூளி கட்டிய வலக்கையோடு. பெட்டியில் அதே வசனம். எழுத்து மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரி கோணலாக இருந்தது.

குடும்பச் சமாதானம் என்று வாசித்தேன். பொன்சிங் ஆமென் சொன்னார்.

முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காய் முற்றிப்போயிருந்தது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

யாகேல் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதே காலண்டர் தாளில் வேறு வசனம்: சங்கீதம் ஐம்பத்தைந்து, பன்னிரண்டிலிருந்து பதினாலு. பகைக்கிறவன் என்னை இழிவு செய்தால் பொறுத்துக்கொள்வேன், ஆனால் செய்தது என் தோழனும் வழிகாட்டியுமான நீ அல்லவா, நாம் சேர்ந்துதானே தேவாலயத்துக்குப் போனோம் என்று தாவீது புலம்புகிற இடம். "மனம் பிரிந்த நண்பர்கள் ஒன்றுசேர" என்று வாசித்தேன். கச்சிதமாக அமைந்துவிட்டதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

வீட்டுக்கு வந்து புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. அந்த 'நீ' நான்.

இதற்குமேல் இந்த நோட்டில் பொய் எழுதிப் பயன் இல்லை. இரண்டாம் வாரமே எனக்குத் தெரியும். முழுக்கை ரவிக்கையைப் பார்த்தபோதே தெரியும். பெண்கள் ஐக்கியக் கணக்கு நோட்டை மூன்று வருஷமாக எழுதுகிறவள் அவள்; அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? வலக்கை முறிந்தவள் இடக்கையால் எழுதினால் எப்படி இருக்கும் என்று தெரியாதா? முறிந்த கையோடு ஒருத்தி எழுதிப் போட்டதை வாங்கி, குடும்பச் சமாதானம் என்று சொல்லி, முறித்தவனிடமே ஆமென் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இத்தனை நாளும் ஊர்க்காரர்களின் சீட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தினேன். நாற்றம் என்னிடமிருந்து வந்திருக்கிறது. தூ.

ஏப்ரல் 6, சனி

இவரிடம் சொன்னேன். நாளைய பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பேனாவை மூடாமலே கேட்டார்.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

"அவ வந்து சொன்னாளா?"

"நாலு வாரம் சொல்லியிருக்கா."

பேனாவை மூடி வைத்தார். பிறகு, குடும்ப விஷயத்தில் ஐயர் தலையிட்டால் சபை இரண்டாக உடையும், லெந்து முடியட்டும், ஈஸ்டருக்குப் பிறகு இருவரையும் கூப்பிட்டு ஜெபிப்போம் என்றார். கடைசியில், "திங்கக்கிழமை கடிதம் போகுது பியூலா. ஜெமிமாவை நினைச்சுப் பாரு" என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு மாதமாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது.

ஏப்ரல் 8, திங்கள்

பொன்சிங் கடைக்குப் போகிற நேரம் பார்த்து மேபல் வீட்டுக்குப் போனேன். இடக்கையால் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டாள், வா என்று சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக் குளியலறையை எட்டிப் பார்த்தேன். புது டைல்ஸ். பாசியும் இல்லை ஒன்றும் இல்லை.

"ஏன் மேபல் அந்த வசனம்?" என்று கேட்டேன். எனக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"நான் எங்கம்மா ஆள அடிக்கப் போறேன்? கோழியப் புடிச்சு அறுக்கச் சொன்னாலே எனக்குக் கை நடுங்கும்" என்றாள். "அடங்கி இரு, பொறுத்துக்கோன்னுதான எல்லாப் பக்கமும் இருக்கு. ஒரு பொம்பளையாவது கோவப்பட்டுருப்பாளான்னு தேடிக்கிட்டே வந்தேன். அவ ஒருத்திதான் கெடச்சா."

"என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க ஜெபம் பண்ணுவிய." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "சபைக்கு நடுவுல அந்த வசனத்த நீங்க வாசிச்சா, யாருக்கோ தெரிஞ்சுபோச்சுன்னு அவிய கொஞ்சமாவது பயப்படுவாவன்னு பாத்தேன். நீங்க சமாதானம்னு வாசிச்சிய. வீட்டுக்கு வந்து அவிய என்ன சொன்னாவ தெரியுமா? கேட்டியாட்டி, ஐயரம்மாவே சொல்லிட்டாவ, குடும்பம்னா சமாதானமா இருக்கணும், வாயத் தொறக்காதன்னு. அன்னைக்குத்தான் இது." தூளியைக் காட்டினாள்.

என் ஜெபத்தைத்தான் அவன் கையில் எடுத்திருக்கிறான். வேதத்தில் இருக்கிற எந்தச் சாபமும் செய்யாததை நான் தேன் தடவிச் சொன்ன ஒரு வார்த்தை செய்திருக்கிறது.

வரும் வெள்ளி அதை உள்ளபடியே வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வாசித்த பிறகு அந்த வீட்டில் அவளால் இருக்க முடியாது என்பதையும் சொன்னேன். விளக்குமாற்றை எடுத்துச் சுவரில் சாத்தினாள். தென்காசியில் அவள் அண்ணன் இருக்கிறார். "வாசிங்க. நான் பையோட வாறேன்" என்றாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

எல்லாச் சீட்டையும் உள்ளது உள்ளபடி வாசித்தேன்.

கரடி வந்தபோது வாலிபர் பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. ஞானசிகாமணி வாத்தியார் குனிந்துகொண்டார். பல் உடைகிற வசனத்தில் சந்திராளும் ஹெலனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே வசனத்தைப் போட்டது இன்றுதான் அவர்களுக்குத் தெரியும். வேலையைப் பறிக்கக் கேட்கிற வசனத்தை நாலு தடவை வாசித்ததும் கமிட்டிக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. யாரும் ஆமென் சொல்லவில்லை. இவர் பின்னாலிருந்து இரண்டு தடவை இருமினார்.

பிறகு சொன்னேன்: "நாலு வாரமா இந்தப் பெட்டியில ஒரே சீட்டு விழுந்துச்சு. நான் அதைக் குடும்பச் சமாதானம்னு பொய் சொல்லி வாசிச்சேன். அதுல எழுதியிருந்தது இதுதான்." யாகேலின் கதையைப் பால், போர்வை, முளை, சுத்தி என்று ஒன்றும் விடாமல் வாசித்தேன். நெற்றிப்பொட்டு என்ற இடத்தையும் தாண்டிப் போகவில்லை. பெயர் சொல்லவில்லை. பொன்சிங்கைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். தூளி கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு மேபல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பக்கம் முழுவதும் மெல்ல அவள் கைப்பக்கம் திரும்பியது. பிறகு அப்படியே பொன்சிங் பக்கம் திரும்பியது.

மேபலைக் கையோடு வீட்டுக்கு அழைத்துவந்து கேட்டைப் பூட்டினேன். பத்து நிமிஷத்தில் பொன்சிங் இரண்டு கமிட்டி ஆட்களோடு வந்துவிட்டார். அப்போதும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு.

"ஐயரம்மா, குடும்பம்னா ஆயிரம் இருக்கும். சேத்து வைக்கதுதான ஊழியம்? பேதுரு பட்டயத்த உருவுனப்போ உறையில போடுன்னு சொன்னவரு நம்ம ஆண்டவரு."

"கையில பட்டயம் வச்சிருந்தவனைத்தான் போடச் சொன்னாரு. வெட்டுப்பட்டவனைப் பார்த்து அடங்கி இருன்னு சொல்லல" என்றேன்.

"பியூலா, கேட்டைத் திற. செயலர் வெளியே நிக்காரு" என்றார் இவர், என் பின்னால் வந்து நின்று. நான் திறக்கவில்லை. சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். கடிதத்தைப் பற்றிப் பேராயரிடம் தானே பேசிக்கொள்வதாகப் பொன்சிங் சொன்னார். பேசிக்கோங்க என்றேன்.

அவர்கள் போனதும் ஆட்டோவுக்குப் போன் பண்ணியது இவர்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. முதலில் அரசு ஆஸ்பத்திரி, அடுத்து மகளிர் காவல் நிலையம், அதன் பிறகு தென்காசி பஸ். கை எப்படி முறிந்தது என்று டாக்டர் கேட்டதற்கு மேபல் ஒரே மூச்சில் பதில் சொன்னாள். பதில் கையும் முதுகும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இருபது வருஷத்துக் கதை. டாக்டர் இரண்டாம் தாள் எடுத்தார்.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

முப்பது வெள்ளித்தாள் பட்டயங்களும் ஊர்வலம் போயின. நான் வாசலுக்கு வரவில்லை.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதலாவது மன்னிப்பு. இவர் நன்றாகத்தான் பேசினார். முன்வரிசையில் பொன்சிங் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார், எல்லாரும் பார்க்கும்படியாக. ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்தார்களாம், அதனால் அவர்மேல் ஊருக்கு இரக்கம் கூடியிருக்கிறது. ஆராதனை முடிந்து கஞ்சி ஊற்றும் இடத்தில் என் பக்கம் ஒருத்தியும் நிற்கவில்லை. ஹெலன் மட்டும் தூரத்தில் நின்று தலையை ஆட்டினாள்.

பெட்டியைக் கமிட்டி தீர்மானம் போட்டு எடுத்துவிட்டார்கள். இனி விண்ணப்பங்களை நேரடியாகச் செயலரிடம் கொடுக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

மாற்றல் உத்தரவு நேற்றே வந்துவிட்டதாம். பண்டிகை கெடக்கூடாது என்று இவர் இன்று மத்தியானம்தான் சொன்னார். மே ஒன்றாம் தேதி புது ஊர். பஸ் நாளுக்கு இரண்டு தடவைதான் வருமாம். ஜெமிமா அழுதாள், என் மேல் கோபித்துக்கொண்டு பிரியாணி சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அவளைச் சமாதானம் பண்ண என்னிடம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 22, திங்கள்

தென்காசிக்குப் போய் மேபலைப் பார்த்துவந்தேன். அண்ணன் வீட்டில் பின்னால் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அரைக்கை ரவிக்கை போட்டிருந்தாள். கையிலிருந்த தழும்புகளை அவளும் மறைக்கவில்லை, நானும் பார்க்காத மாதிரி இருக்கவில்லை.

பஸ்ஸில் போகும்போதே என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். மாற்றலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, அதைச் சொன்னால் கூலி கேட்கிற மாதிரி ஆகும். மன்னிப்பு மட்டும் கேட்க வேண்டும். வாசல்படியிலேயே கேட்டேன்.

"என்னை மன்னிச்சிரு மேபல்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம்மா" என்றாள். "எனக்கு இன்னும் கோவம் தீரல. அவிய மேலயும் தீரல, உங்க மேலயும் தீரல. இருபது வருசமா ஒரு நாளு கூட என்னைக் கோவப்பட விடல யாரும். கொஞ்ச நாளு வச்சிக்கிடுதேனே."

பொழுது சாய்வதற்குள் கோபம் தணிய வேண்டும் என்கிற வசனம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பத்தொன்பது வருஷப் பழக்கம், சும்மா போகுமா. அதை அப்படியே விழுங்கினேன்.

"சரி, வச்சுக்கோ" என்றேன்.

உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே குடித்து முடித்து, டம்ளரை அலம்பி வைத்துவிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.